நான் பூஜ்ஜியமாக்கிய இருபத்தாறு

அன்று திரையில் தெரிந்த இருபத்தாறு, பெட்டியின் பிழையா, காற்றில் உண்மையாகவே இருந்த நஞ்சா? ஏழு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரியவில்லை.

வேதியியல் படித்தவள் என்பதால், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. பறித்த பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடம்தான் ஸ்டோர். அடுப்புப் புகை இரும்புக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வெளியே போகும். குழாயின் சூட்டில் காய் உலரும். குழாயில் விரிசல் விட்டால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும். அதைக் காட்டிக்கொடுக்கச் சுவரில் ஒரு டிடெக்டர் பெட்டி இருந்தது; காற்றில் உள்ள நஞ்சின் அளவு அதன் திரையில் எண்ணாகத் தெரியும். எண் முப்பத்தைந்தைத் தொட்டால் சைரன் அடிக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மாதம் ஒரு முறை சிறு சிலிண்டரிலிருந்து சோதனை வாயுவைக் காட்டி, சைரன் அடிக்கிறதா என்று பார்ப்பேன். பெட்டி சரியாக அளக்கும்படி முழு அளவுத்திருத்தம் செய்வது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும் என்றது பெட்டியோடு வந்த புத்தகம். ஈரமும் தூசியும் உள்ள இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எங்கள் மலையில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் மூன்று மாதம் என்று நானே நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அந்த வட்டங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

“ஒம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடுற மாதிரி இந்தப் பெட்டிக்கும் தேதி குறிச்சிருக்கியே ஆத்தா! காய்ச்சல் கீய்ச்சல் வருமா இதுக்கு?”

“சும்மா இருங்கண்ணே, உங்களுக்காகத்தான்.”

“எனக்கா? நான் இந்தப் புகையிலயே பொறந்தவன்ல.”

அளவுத்திருத்தத்தின் முதல் படி, சுத்தமான காற்றில் எண்ணைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவது. அடுப்பை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, காற்று தெளியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அறையில் இருக்கும் நஞ்சையே பெட்டி பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும்; பிறகு எப்போதும் அந்த அளவு குறைத்தே காட்டும், சைரனும் தாமதமாகத்தான் அடிக்கும். தட்டில் கல்லை வைத்துவிட்டுத் தராசைச் சரிசெய்வது போலத்தான். இரண்டாம் படி, அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி, திரை அதே எண்ணைக் காட்டும்படி திருத்துவது.

வட்டமிட்டிருந்த ஒரு நாள் மதியம், போடி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் போன் செய்தாள். என் எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறதாம், பாட்டில் பாலைத் துப்புகிறதாம். எனக்கோ பால் கட்டி மார்பு வலித்தது. போடிக்கு இறங்கும் ஜீப் நான்கு மணிக்கு. உள்ளே காய் பாதி உலர்ந்த நிலையில் இருந்ததால் அடுப்பை அணைக்கவில்லை.

“இப்பக் கதவத் தொறந்தா காய் வெளுத்துப் போகும் ஆத்தா. சன்னல மட்டும் கொஞ்சம் தொறக்கவா?”

“சரிண்ணே.”

திரையில் இருபத்தாறு. மழைக்காலத்தில் சுத்தமான காற்றிலும் எண் ஐந்து, ஆறு என்று நகர்ந்து நிற்பது வழக்கம். இதுவும் ஈரத்தின் வேலைதான் என்று எண்ணிக்கொண்டேன். பட்டனை அழுத்தினேன். பூஜ்ஜியம். பதிவேட்டில் ‘சுத்தமான காற்று’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். சன்னல் எவ்வளவு நேரம் திறந்திருந்தது? பத்து நிமிடமா, இரண்டா? நினைவில்லை. இரண்டாம் படியை மறுநாளைக்குத் தள்ளினேன்.

“வெரசாப் போ ஆத்தா, ஜீப்பு கிளம்பிரும். பிள்ள பால் குடிச்சுச்சான்னு ஒரு போனப் போடு.”

மறுநாளும் அதற்கடுத்த நாளும் குழந்தைக்காக விடுப்பில் இருந்தேன். அந்த இரண்டாவது நாள் சாரல் உள்ளே அடிக்கிறது என்று அண்ணன் சன்னலைச் சாத்திவிட்டு அடுப்பு வாயருகே உட்கார்ந்திருக்கிறார். பெட்டி இருக்கும் சுவரைவிட அங்கே நஞ்சு அதிகம். சைரன் அடித்து ஆட்கள் ஓடியபோது அவர் சாய்ந்து கிடந்தார்.

குழாயில் விரிசல் இருந்தது. அது எப்போது விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெட்டியைச் சோதிக்க வந்தவர், அது குறைத்துக் காட்டுகிறது என்றார். “சென்சார் தேஞ்சிருக்கலாம். இல்லாட்டி அழுக்குக் காத்துல ஜீரோ பண்ணியிருக்கலாம். யார் பண்ணது?” பதிவேட்டை நீட்டினேன். டிக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சென்சார் என்று எழுதிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

அண்ணன் உயிர் பிழைத்தார். நினைவுதான் நிற்பதில்லை. பழையதெல்லாம் இருக்கிறது, சற்று முன் நடந்தது இருப்பதில்லை. பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார்.

“பிள்ள பால் குடிச்சுச்சா ஆத்தா?”

“குடிச்சிருச்சுண்ணே.”

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கேட்கிறார். காய்ச்சல் இன்னும் இறங்காத குழந்தைக்காகக் கேட்பது போல அதே கவலையோடு. இன்று அந்தக் குழந்தை எழுந்து நடக்கிறது.

அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவள், முந்தானையால் அவர் வாயைத் துடைத்தபடியே திட்டுகிறாள். “சன்னலச் சாத்தாதன்னு எத்தன தடவ சொல்லியிருப்பாக! குளிருதாம் தொரைக்கு. தானாத் தேடிக்கிட்ட வென.”

“ஆமா, நாந்தான் சாத்திப்புட்டேன்” என்று அவர் தலை குனிகிறார். அவருக்கு அது நினைவில்லை. அவள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை உரித்துக் கொடுக்கிறேன்.

ஒரு முறை அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் கண்ணைத் துடைப்பதற்குள், பிள்ளை பால் குடித்ததா என்று கேட்டார். அதனால் அது சொன்னதாக ஆகாது. சொல்வதானால் மதினியிடம்தான் சொல்ல வேண்டும். அந்த இருபத்தாறு உண்மையாக இருந்தால், அவள் திட்ட வேண்டியது அவரை அல்ல. வெறும் பிழையாக இருந்தால், ஆறத் தொடங்கிய வீட்டில் வீணாக ஒரு தீயை வைத்தவள் ஆவேன். என் மனப்பாரம் இறங்குவதற்காகத்தான் சொல்ல நினைக்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு.

இதைப் படிக்கிறவர்கள் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாத ஒரு தவற்றை அவளிடம் ஒப்புக்கொள்ளலாமா? நீங்கள் அந்த மதினியாக இருந்தால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டும்.