தேவாலயத்திலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே

யோர்லேனியின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சான் பெத்ரோவில் செருப்புக் கடைக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில் அந்த வாய்க்குப் பயப்படாதவர் யாருமில்லை. நாங்கள் நடத்தியது இணையத்தில் போக்கர் சீட்டு ஆடும் தளம். பன்னிரண்டு பேரோடு தொடங்கி, மூன்றே வருடத்தில் இருநூறு பேராகிவிட்டோம். ஆட வந்தவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள். அவர்களுடைய புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதுதான் அவளுக்கும் அடுத்த நாற்காலியில் இருந்த எனக்கும் வேலை.

"நம்ம ஆளுங்க மட்டும் ஆடத் தெரியாதவங்களா? ஸ்பானிஷ்ல ஆட ஏன் ஒரு மேசை இல்ல?" என்று ஒரு வருடம் மேலாளர் ப்ரென்ட்டின் உயிரை எடுத்தாள். ப்ரென்ட் கனடாக்காரர், நல்ல மனிதர். இன்னமும் தெரு எண்ணைச் சொல்லித்தான் பீட்ஸா கேட்பார், அது வந்து சேராது. எங்கள் நாட்டில் பக்கத்து அடையாளம் ஒன்றிலிருந்து இத்தனை மீட்டர் என்பதுதான் முகவரி. கடைசியில் சோதித்துப் பார்க்க மூன்று மாதம் கொடுத்தார். யோர்லேனியின் கீழ் ஆறு பேரைப் புதிதாக எடுத்தார்கள். நானும் வால் பிடித்துக்கொண்டு அங்கே போனேன்.

மேசைகள் நிரம்பின. சேரும் படிவத்தை அவளேதான் போட்டிருந்தாள். மாகாணம், ஊர் என்று கட்டம் கட்டமாகக் கேட்டால் எவன் நிரப்புவான் என்று, முகவரிக்கு ஒரே கட்டம் வைத்தாள். நானும் பார்த்தேன். சத்தியமாக எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி காப்பி நேரத்தில் ப்ரென்ட் முகம் சிவக்க வந்தார். கையில் ஒரு பட்டியல். நாற்பத்தொரு கணக்குகளுக்கு ஒரே முகவரி: தேவாலயத்திலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே.

"ஒரே வீட்ல நாப்பத்தோரு பேரா? ஒருத்தன் சீட்டை இன்னொருத்தன் பாத்து ஆடுறானுங்க. இது வெளிய தெரிஞ்சா நம்ம தளத்தை எவன் நம்புவான்? வெள்ளிக்கிழமை ஸ்பானிஷ் மேசையை மூடுறேன். உங்க எட்டு பேருக்கும் வேற வேலை என்கிட்ட இல்ல."

யோர்லேனி சிரித்துவிட்டாள். "ஐயோ சார், இந்த நாட்டுல தேவாலயம் இல்லாத ஊர் எது? அதுக்குத் தெற்கே வீடு இல்லாத ஊர்தான் எது?"

"அப்படின்னா நிரூபிச்சுக் காட்டு."

பட்டியலில் புனைபெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. மறுநாள் காலை ப்ரென்ட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒவ்வொருவராக அழைத்தாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "எந்த ஊர்? வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியுது?" ப்ரென்ட்டுக்கு ஸ்பானிஷ் அரைகுறை. நான் மொழிபெயர்த்தேன்.

ஒருவருக்கு எரிமலைப் புகை தெரிந்தது. ஒருவருக்கு வாழைக்காய் லாரிகள். லிமோன் துறைமுகத்திலிருந்து ஒருவர், "எதிர்வீட்டு மாடியில என் மாமியார் நிக்கிறாங்க. வேற எதுவும் தெரியாது," என்றார். ப்ரென்ட் வாய்விட்டுச் சிரித்தார். முப்பது பேர் முடிந்தபோது எங்களுக்கு உயிர் வந்திருந்தது.

முப்பத்தொன்றாவது எண்ணில் ஓர் ஆண் குரல். "மஞ்ச பெயின்ட் அடிச்ச மாமர அடிக்கட்டை தெரியுது. ஆமா, இது... அக்கா, நீயா?"

யோர்லேனி இணைப்பைத் துண்டித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். எடுத்தது அதே குரல். "அக்கா, இதுவும் நான்தான். இது என் பொண்டாட்டி போன்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த அடிக்கட்டையில் உட்கார்ந்து அவள் தம்பி ஓல்மான் சமைத்ததைத் தின்றிருக்கிறேன்.

"என்ன சொல்றான்?" என்றார் ப்ரென்ட்.

"முதல் ஆளுக்குக் கடல் தெரியுதாம். ரெண்டாவது ஆளுக்கு ரயில் பாதை," என்றேன். வாய் தானாகப் புளுகியது.

"சும்மா இரு, கிரெய்வின்," என்றாள் யோர்லேனி. "சார், இவன் பொய் சொல்றான். அது ரெண்டும் என் தம்பி. ஒரே மேசையில ரெண்டு பேரா உக்காந்து ஆடியிருக்கான். ரெண்டு கணக்கையும் நானே மூடுறேன்."

ப்ரென்ட் அவளையே பார்த்தார். பிறகு மிச்சமிருந்த எண்களைக் காட்டி, "முடி," என்றார். ஒன்பது பேருக்கு ஒன்பது ஊர். அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மேசை இருக்கட்டும். படிவத்துல ஊருக்குக் கட்டம் போடு. அந்த வாசல் கேள்வியையும் சேத்துக்கோ. இனிமே கள்ளாட்டம் புடிக்கிற வேலையும் உன்னோடதுதான், எல்லா மேசைக்கும். அமெரிக்கக்காரங்களுக்கும் சேத்து."

அவர் போனதும் யோர்லேனி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். அப்போது தொலைபேசி அடித்தது.

"அக்கா," என்றான் ஓல்மான், மெதுவாக. "கணக்கைத் தொறக்கச் சொல்லி நான் கேக்கல. ஞாயித்துக்கிழமை வருவேல்ல?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வருவேன்டா, களவாணி. கோழி அடிச்சு வை. இந்தப் புளுகனையும் கூட்டிட்டு வரேன்."