முதுகு வேறு, கால் வேறு

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்றால்தான் தெரியும். நின்றுகொண்டு வருகிற பயணி ஒருவர்கூடத் தள்ளாடாமல் பிரேக் போடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, அவரிடம் பெருமைப்பட வேறென்ன இருந்தது?

அந்தப் பணிமனையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதுகு வலிக்கிறது என்று எந்த ஓட்டுநரும் டாக்டரிடம் வாய் திறக்கக் கூடாது. முன்பு ஒருவர் வருடாந்தரப் பரிசோதனையில் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவரை வண்டியிலிருந்து இறக்கி டயர் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே அவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பதைத் தினமும் எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எவன் சொல்வான்? தங்களுக்குள் மட்டும் கிண்டலடித்துக்கொள்வார்கள். "முதுகு வலிக்கலன்னா நீ இன்னும் டிரைவரே ஆகல" என்பார்கள். என்ன கிண்டலோ, போங்கள்.

நிதானத்துக்கும் முதுகு வலித்தது. பல வருடமாக. வீட்டுக்கு வந்ததும் வெறும் தரையில் மல்லாந்து கிடப்பார், வெந்நீர்ப் பையை அடியில் வைத்துக்கொள்வார், மறுநாள் கிளம்பிவிடுவார்.

பிறகு வலது காலில் வலி வந்தது. பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டிப் பெருவிரல் வரை ஒரே கோடாக எரியும். உட்கார்ந்தால் கூடும். தும்மினால் முதுகிலிருந்து சுரீர் என்று கீழே பாயும். முதுகிலிருந்துதான் பாய்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? முதுகுவலி வேலையோடு வந்தது, கால்வலி இப்போது வந்தது, இரண்டும் வேறு வேறு என்று மனதில் சுவர் கட்டி வைத்திருந்தார்.

மனைவி விடாமல் பிடுங்கி எடுத்ததில் தெருமுனை கிளினிக்குக்குப் போனார்கள்.

"எங்க வலிக்குது?" என்றார் டாக்டர்.

"கெண்டைக்கால்ல, டாக்டர்."

"முதுகு, இடுப்பு எதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

வாய் கூசாமல் சொன்னார். வெளி டாக்டர்தான், பணிமனை டாக்டர் இல்லை. ஆனாலும் பழகிய நாக்கு வேறெப்படிப் புரளும்? மனைவி "ஏங்க" என்று ஆரம்பித்தாள். அவர் முறைத்த முறைப்பில் அடங்கிப் போனாள். தசைப்பிடிப்பாக இருக்கும் என்று டாக்டர் மாத்திரையும் தைலமும் எழுதிக் கொடுத்தார். நோயாளி மறைத்தால் அவர் மட்டும் ஜோசியமா பார்ப்பார்?

"முதுகப் பிடிச்சுக்கிட்டு முனகுறது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?" என்று வழியெல்லாம் கேட்டாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. அது வேற, இது வேற."

சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் ஒருநாள், அதிசயம்போல, வலி குறைய ஆரம்பித்தது. "பாத்தியா, தைலத்துக்கே ஓடிப்போச்சு" என்று மனைவியிடம் பெருமையடித்தார். காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்துக் கிடந்தன. அதையும் நல்லதுக்கென்றே எடுத்துக்கொண்டார். நடக்கும்போது வலது செருப்பு மட்டும் தரையில் தட் தட்டென்று அறைந்தது. வாசற்படியில் விரல் இடறியது. செருப்புத்தான் சரியில்லை என்று பின்வார் வைத்த புதுச்செருப்பு வாங்கினார். கூறுகெட்ட மனுஷன் என்று திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் வலி போன சந்தோஷத்தில் இருப்பவரை யார் போய்த் திட்டுவது?

சந்தைக்குப் பக்கத்துச் சிக்னலில் அது நடந்தது. முன்னால் லாரி நின்றது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கில் வைக்கப் போனார். குதிகால் வந்தது, விரல்கள் வரவில்லை. பாதத்தின் நுனி பிரேக் மிதியின் ஓரத்தில் இடித்துக் கீழே வழுக்கியது. லாரியின் பின்புறத்தில் போய் முட்டி நின்றது வண்டி. நின்றுகொண்டு வந்த ஒரு பெண் கம்பியில் மோதி முன்பல் உடைந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நடத்துநர் ஓடி வந்தார். "என்னண்ணே, பிரேக் பிடிக்கலயா?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார் நிதானம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா எடுத்த எடுப்பில் கேட்டார். "முதுகு எத்தன வருஷமா வலிக்குது?"

இந்தத் தடவை எல்லாவற்றையும் கொட்டினார். சிறுநீர், மலம் போவதில் சிக்கல் உண்டா, தொடை இடுக்கில் மரத்திருக்கிறதா என்றும் கேட்டார் டாக்டரம்மா. இல்லை என்றார்.

"அந்த மட்டுக்கும் பிழைச்சீங்க. இதுக்கு சயாட்டிகான்னு பேரு. நரம்பு நசுங்குறது முதுகுல, வலிக்கிறது கால்ல. நிறைய பேருக்குச் சில வாரத்துல தானா அடங்கிடும். ஆனா மரத்துப்போச்சு, பாதம் இடறுதுன்னா உடனே வந்திருக்கணும்."

"வலிதான் குறைஞ்சுடுச்சே டாக்டர்."

"வலி குறைஞ்சு பலமும் போச்சுன்னா அது குணமாகுறதில்லங்க. நரம்பு சாகுது."

"ஆபரேஷன் பண்ணா திரும்ப வண்டி எடுக்கலாமா?"

"ஸ்கேன் பாத்துட்டு சொல்றேன். ஆனா ரொம்ப நாளாயிடுச்சு. பாதம் திரும்ப வேலை செய்யும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. மொதல்ல படுங்க, பாக்கலாம்."

படுத்தார். மனைவி கால்மாட்டில் நின்றாள்.

"ரெண்டு பாதத்தையும் மேல, உங்க மூஞ்சியப் பாத்து மடக்குங்க."

கூரையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்து மடக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. இடது பாதம் விறைத்து நிமிர்ந்தது. வலது பாதம் போட்டது போட்டபடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பெருவிரல்கூட அசையவில்லை.

"போதுமா டாக்டர்?" என்றார். "இன்னும் தூக்கணுமா?"

மனைவி குனிந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க," என்றாள். "விட்டுடுங்க."