மடியில் முடிந்த மாத்திரை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ராஜபாளையம் பஞ்சு வியாபாரத்தில் என் வலது பெருவிரலுக்கு இருந்த மதிப்பு எந்தப் படிப்புக்கும் கிடையாது. ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்து இழையின் நீளத்தைச் சொல்வேன். மில்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தலைச்சுமையாகப் பருத்தி விற்ற நான் சொந்தமாகக் கொட்டை நீக்கிப் பஞ்செடுக்கும் ஜின்னிங் பாக்டரி வைத்தது அந்த விரலால்தான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருநாள், ஓடுகிற மெஷினில் சிக்கிய பஞ்சை, ஆளைக் கூப்பிடாமல் நானே எடுக்கப் போனேன். பெருவிரல் நசுங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நொறுங்கிய எலும்பை எடுத்து, வெள்ளைப் பொடி தூவித் தைத்தார். நாலு மணிக்கொரு தரம் விழுங்கச் சல்பா மாத்திரையும் கொடுத்தார். பெனிசிலின் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. சீழுக்குச் சல்பாதான் மருந்து, அதுவே எளிதில் கிடைக்காத சரக்கு.

எனக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. நோய் வராதவனுக்கு மருந்து எதற்கு? வந்தால் தேவைப்படும் என்று, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையை வேட்டி மடியில் முடிந்துகொள்வேன். கையிருப்பு வைக்கத் தெரிந்தவன்தானே வியாபாரி.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல் சிவந்து புடைத்திருந்தது. பதறி எழுந்தேன். மடி அவிழ்ந்து மாத்திரைகள் தரையில் உருண்டன. நர்ஸ் தளவாய்புரத்துப் பெண்.

“இது என்ன மொதலாளி?”

“காய்ச்சல் வந்தா முழுங்கலாம்னு வச்சிருக்கேன்.”

“வராம இருக்கத்தானே குடுத்தது. போன வருசம் எங்கப்பா கொண்டாந்த பருத்திய ஈரம்னு திருப்பி அனுப்புனவிய நீங்கதானே?”

“பஞ்ச ஈரத்தோட அமுக்கி பேல் கட்டுனா உள்ள பூஞ்சை புடிச்சிருமே.”

“தச்ச புண்ணும் கட்டுன பேல்தான். பூஞ்சை புடிச்ச பொறவு வெயில்ல போட்டா ஆச்சா? வாயத் தெறங்க.”

திறந்தேன்.

டாக்டர் தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். இன்னும் பரவினால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அன்று முதல் மணி தவறாமல் அந்தப் பெண் முன்னாலேயே விழுங்கி, வாயையும் திறந்து காட்டினேன். மாத்திரை சிறுநீரில் கல்லாகாமலிருக்கச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள், குடித்தேன்.

விரல் தங்கியது. நுனியில் உணர்ச்சிதான் திரும்பவில்லை. முதல் மாத்திரையிலிருந்தே விழுங்கியிருந்தால் திரும்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அந்தப் பதில் இன்றும் என்னை விடவில்லை.

ஆறே மாதத்தில் இடது கையால் இழை பார்க்கப் பழகினேன், வேறொருவனால் முடிந்திருக்காது. ஆனாலும் மில்காரர்கள் முன்னால் முதலில் வலது கையால் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டுவேன். பிறகு பஞ்சை இடது கைக்கு மாற்றி இழுத்து, அதற்குத் தெரிந்த பிறகுதான் நீளத்தைச் சொல்வேன்.