பாடத்தில் இல்லாத ‘குந்து’

1. மூன்று மாதம் பார்ப்போம்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு மிஷன் நடத்திய சின்ன கிளினிக்கில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அறுபதுகளின் பிற்பகுதி. நெஞ்சு நோய்க்காரர்களுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுக்கும் இடம். நான் நர்ஸ் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸுகளுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தமிழ் படித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

கிளினிக் செக்ரட்டரி சாமுவேல் சார் சைக்ளோஸ்டைல் செய்த பாடப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்தார். அவரே எழுதியது.

“ரூபி, இதுல இருக்கிறதை அப்படியே ஃபாலோ பண்ணும்மா. த்ரீ மன்த்ஸ் பார்ப்போம். ஸ்டூடண்ட் வீட்டு விசிட் போய்த் தானாவே பேசிட்டு வந்துட்டா உன் போஸ்ட் கன்ஃபர்ம். இல்லேன்னா...” என்று கையை விரித்தார்.

முதல் பக்கத்தைப் பிரித்தேன். ‘தயவுசெய்து அமருங்கள்.’ ‘இப்பொருளின் விலை யாது?’ ‘இதைவிட மலிவானது உளதா?’

“சார், ‘உளதா’ன்னு தாம்பரம் மார்க்கெட்ல கேட்டா திரும்பிப் பார்ப்பாங்க சார்.”

“பார்க்கட்டுமே. நல்ல தமிழ் காதுல விழட்டும்.”

என் முதல் மாணவி டென்மார்க்கிலிருந்து வந்த கரேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதவு நிலையில் இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழைய முடியாத உயரம். சிரித்தால் காது வரை சிவந்துவிடும். கேட்டதை எல்லாம் பிடித்துக்கொள்வார். பிடித்ததை உடனே எங்கேயாவது சொல்லிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இந்தக் கடைசிக் குணத்துக்குத்தான் நான் பயந்தேன்.

2. இன்னா இவ்ளோ தூரம்?

திருநீர்மலைப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்த ரங்கன் என்பவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார். நாலைந்து வாரமாக ஊசிக்கு வரவில்லை. இந்த நோயில் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கிளினிக்கில் எல்லாருக்கும் தெரியும். அவரைத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பு கரேனுக்கு வந்தது. துணைக்கு நான். ‘நீ வாயைத் திறக்கக் கூடாது, அவங்களே பேசணும்’ என்பது சாமுவேல் சாரின் உத்தரவு.

கரேன் சைக்கிள் மிதித்தார். நான் கேரியரில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பையன்கள் கூடவே ஓடி வந்தார்கள்.

ரங்கனின் மனைவி அலமேலு வாசலிலேயே நின்றாள். “வாங்கமா. இன்னா இவ்ளோ தூரம்?”

கரேன் சந்தோஷமாகப் பதில் சொன்னார்: “தூரம் இல்லை. மூன்று மைல்.”

அலமேலு என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

“உன் பேர் இன்னாமா?”

“கரேன்.”

“வரேனா? இப்பதானே வந்தே, அதுக்குள்ள கெளம்புறியா?”

“நான் அமரலாமா?” என்று கரேன் பாடத்தை எடுத்துவிட்டார்.

“அமர்றதா? அப்டின்னா இன்னா?” அலமேலு வாசலை விட்டு நகரவில்லை. “அவரு இல்லமா. வேலைக்குப் போயிக்கீறாரு. வந்தா சொல்றேன்.”

‘வாங்க’ என்றாளே தவிர, உள்ளே வரச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் கரேன், “வாங்க சொன்னாங்க. நல்ல வரவேற்பு, இல்லையா?” என்று கேட்டார். நம் ஊரில் ‘வாங்க’ என்பது பாதி வரவேற்புதான், ‘உட்காருங்க’ வந்தால்தான் அது முழுசாகும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அடுத்த வாரமும் போனோம். அதே வாசல், அதே பதில்.

3. சல்லிசு

இதற்கு நடுவே கரேன் தாம்பரம் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வர ஆரம்பித்திருந்தார். ஒரு கூடை கத்திரிக்காயும் ஒரு பாயும் வாங்கி வந்தபோது கிளினிக் ஆயா, “அடேயப்பா! இவ்ளோ சல்லிசாவா? கொள்ளை மலிவும்மா!” என்று கன்னத்தில் கை வைத்துச் சிரித்திருக்கிறாள். சல்லிசு என்று சொல்லும்போதெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் முகம் மலர்வதை கரேன் கவனித்து வைத்துக்கொண்டார். அது உயர்ந்த பாராட்டு என்று அவரே முடிவும் செய்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை போனபோது அலமேலுவின் மகள் செங்கமலம் வீட்டில் இருந்தாள். கல்யாண வயது. வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சொம்பில் மொண்டு வந்து நீட்டினாள். களையான முகம். கரேன் தண்ணீரைக் குடித்துவிட்டு, அலமேலுவைப் பார்த்து, மனம் நிறைந்து சொன்னார்:

“உங்க பொண்ணு ரொம்ப சல்லிசு!”

போஸ்ட் போயிற்று, சாமுவேல் சார் கை விரிக்கப் போகிறார் என்று அந்த நொடியில் தோன்றியது.

“இன்னா சொன்னே?” என்றாள் அலமேலு.

காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று கரேன் நினைத்துக்கொண்டார். குரலை உயர்த்தி, “ரொம்ப ரொம்ப சல்லிசு! கொள்ளை மலிவு!” என்றார்.

அலமேலு இடுப்பில் கை வைத்தாள். கரேனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். அந்தச் சிவந்த முகத்தில் கபடு எதுவும் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது.

“அவ்ளோ சல்லிசா கீறாளா? அப்ப ஒண்ணு பண்ணு. உனுக்குத் தம்பி கீறானா? இட்டுக்கினு வா. நகை நட்டு கேக்காம கட்டிக்கினு போவட்டும்!”

கரேன் சற்று யோசித்து, பொறுப்பாகப் பதில் சொன்னார்: “தம்பி இல்லை. அண்ணன். ஆனால் கல்யாணம் ஆச்சு. மன்னிக்கணும்.”

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். அலமேலு சிரித்த சிரிப்பில் அவள் கொண்டை அவிழ்ந்தது. அப்போது உள்ளே ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொரு சிரிப்பு கேட்டது. ஆம்பிளைச் சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்து, இருமலில் போய் முடிந்தது.

அலமேலு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வேலைக்குப் போனவரு சீக்கிரம் வந்துட்டாரு போல,” என்றேன் நான். உத்தரவை மீறி நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“இன்னாத்த சொல்றது, போ. உள்ள வாங்க,” என்றாள் அலமேலு. பாயை உதறிப் போட்டாள். “குந்துமா.”

கரேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். குந்து பாடத்தில் இல்லை. நான் பாயைக் கண்ணால் காட்டினேன். அவர் தன் நீளமான கால்களை ஒவ்வொன்றாக மடக்கி உட்கார்ந்து முடிப்பதற்குள் தட்டிக்குப் பின்னாலிருந்து ரங்கன் வந்துவிட்டார். ஒடிந்துவிடுகிற மாதிரி இருந்தார். ஆனாலும் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

“ஏன் வரலை?” என்று கரேன் கேட்டார். தெளிவான இரண்டு சொல்.

“வந்தா நின்னுகினே இருக்கணும்மா. ஊசிக்கு நிக்கணும், மாத்திரைக்கு நிக்கணும். அல்லாம் வெயில்ல. இருமினா பக்கத்துல கீறவன் தள்ளிப் போறான். கல்லு ஒடைக்கிற எடத்துல கூட மேஸ்திரி ‘சித்த குந்துடா ரங்கா’ம்பாரு. அங்க ஒருத்தராச்சும் ‘குந்துயா’ன்னு சொன்னீங்களா?”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். கரேன் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் சிவப்பு வடிந்து போயிருந்தது.

“திங்கக்கிழமை வாங்க,” என்றார். “நான் குந்து சொல்லுவேன்.”

4. இரண்டு பெஞ்சு

சாமுவேல் சாரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், சல்லிசு உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிக்கிறார் என்று புரிந்தது.

“சரி, பெஞ்சுக்கு எங்கே போறது? கமிட்டி சாங்ஷன் பண்றதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்.”

“என் கிளாஸ்ல ரெண்டு பெஞ்சு இருக்கு சார்.”

“அப்போ கிளாஸ்?”

“கரேன் பாய் வாங்கி வச்சிருக்காங்க சார். சல்லிசா.”

அவரே ஒரு முனையைத் தூக்கினார். வேப்பமரத்து நிழலில் இரண்டு பெஞ்சையும் போட்டோம்.

திங்கட்கிழமை காலை ரங்கன் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் அலமேலு. கரேன் ஓடிப்போய், “வாங்கண்ணே! குந்துங்க!” என்றார்.

ரங்கன் உட்காரவில்லை. வெள்ளைக்கார நர்ஸ் நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று கூச்சம். “நீங்க மொதல்ல குந்துங்கமா.”

“இல்லை. நீங்க குந்துங்க.”

“அதெல்லாம் வேணாம். நீங்க குந்துங்க.”

“நீங்க!”

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊசி போடும் டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கடைசியில் அலமேலு, “ரெண்டு பேரும் குந்தித் தொலைங்களேன், ஊசிக்கு நேரமாவுது!” என்று அதட்டினாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். ரங்கன் இருமினார். கரேன் நகரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு கிழவர் தானாகவே வந்து அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இடம்விட ரங்கன் சற்றுத் தள்ளிக்கொண்டார்.

ரங்கன் சிகிச்சையை முடித்தார். குவாரிக்குத் திரும்பவில்லை. குன்றத்தூர் போகும் ரோட்டில் டீக்கடை போட்டார். என் போஸ்ட்டும் கன்ஃபர்ம் ஆனது.

அதற்குப் பிறகு பல வருஷம், பல நாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எதில் ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்பார்கள். எழுத்தில் வேண்டாம், வணக்கத்திலும் வேண்டாம் என்பேன். வந்தவரை உட்காரச் சொல்வதில் ஆரம்பியுங்கள். அதை ஒருவர் மனசாரச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டால், மற்ற தமிழில் எத்தனை தப்பு வந்தாலும் இந்த ஊர் பொறுத்துக்கொள்ளும்.