கடித்த நாய்க்குச் சோறு

பினாங்கில் வெறிநாய்க்கடி பரவிய ஆண்டில் எனக்கு நாய்த்தலை சுமக்கும் வேலை கிடைத்தது. அதற்கு முன் ஈயச் சுரங்கத்தில் மண் வாரினேன், கப்பலில் கரி தள்ளினேன், எதிலும் நிலைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு இது போதும் என்று ஒப்புக்கொண்டேன். தெருநாய்களைச் சுட ஆட்கள் இருந்தார்கள். சுட்டதும் நான் தலையை அறுத்து, மண்ணெண்ணெய் டின்னில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து டாக்டரிடம் கொண்டுபோவேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கோடவுனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்தக் கிருமி எந்தப் பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத அளவு சிறியது, மூளையில் அது உண்டாக்கும் புள்ளிகளைத்தான் தேடுகிறேன் என்று ஒருமுறை சொன்னார். நோய் முற்றுவதற்குள் நாயைச் சுட்டுவிட்டால் புள்ளி தெரியாமலே போகலாமாம். எனக்கு அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆயர் ஈத்தாம் என்ற ஊரில், மரக்கால்கள்மேல் நின்ற ஒரு வீட்டுக்கு அடியிலிருந்து செவலை நாய் ஒன்று பாய்ந்து என் மணிக்கட்டைக் கவ்வியது. சுடுகிறவன் துப்பாக்கியைத் தூக்கினான். நான் நாயின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, சுடாதே என்று மலாய் மொழியில் கத்தினேன். எனக்கே வெறி வந்துவிட்டதென்று நினைத்து அவன் பின்னால் நகர்ந்தான். நாயைக் கோணிச் சாக்கில் கட்டி மாட்டு வண்டியில் உயிரோடு கொண்டுவந்தேன்.

டாக்டர் காயத்தைக் கழுவி மருந்தால் தீய்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"இஞ்ச பார் தம்பி. இந்த நாய் பத்து நாள் சுகமா இருந்தா உனக்கு ஒண்டும் இல்லை. கோலாலம்பூரில இருந்து ஊசி எடுப்பிக்கிறன். ஆனா அந்த ஊசி போட்டுக் கால் விளங்காமப் போன ஆக்களும் இருக்கினம். நாயின்ர குணம் மாறினா மட்டும் போடுவம்."

"அது சாப்பிடலன்னா?"

"உடன வந்து சொல்லு."

கோடவுனின் பின்கட்டில் இரும்புக் கூண்டில் நாயை அடைத்தோம். நானும் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டேன். அது இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நிழலில் போய்ப் படுத்தால், வெளிச்சத்துக்குப் பயப்படுகிறதோ என்று தோன்றும். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

காண்டார் கட்டி, அதாவது தோள் கம்பின் இரு பக்கமும் கூடை தொங்கவிட்டு, சோறு விற்கும் ஒரு முஸ்லிம் பாய் தினமும் அந்தச் சந்தில் வந்து உட்காருவார். மீந்த சோற்றில் குழம்பு ஊற்றி நாய்க்கென்று தருவார். கூண்டுப் பக்கம் மட்டும் வரமாட்டார்.

"கடிச்சவனுக்கே விருந்து வைக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்லா," என்றார். "நீ சாப்பிட்டியா தம்பி?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. அதுவே நோயின் அடையாளமோ என்று வேறு பயந்தேன்.

ஒருநாள் மத்தியானம் நாய் சோற்றைத் தொடவில்லை. வாயைத் திறந்தபடி நின்றது, எச்சில் நூலாகத் தொங்கியது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்து கூண்டின் முன் குந்தினார். அவர் அதுவரை நூற்றுக்கணக்கில் செத்த தலைகளைத்தான் பார்த்திருந்தார்; உயிருள்ள நாயில் இந்த நோய் தொடங்குவதைப் பார்த்ததில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கவனித்தேன். கெட்ட மனிதர் இல்லை. ஊசி வந்துவிட்டது, இன்றே தொடங்கலாம் என்று உடனே சொன்னவரும் அவர்தான்.

அவர் ஊசி எடுக்க உள்ளே போனார். நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிப் பிறாண்டி, ஏதோ ஒன்றைக் கக்கியது. மீன் முள். பாய் அன்று மீன்தலைக் குழம்பு ஊற்றியிருந்தார். நாய் உடனே சோற்றைத் தின்னத் தொடங்கியது. டாக்டர் திரும்பி வந்து, முள்ளை இடுக்கியால் எடுத்துப் பார்த்தார். நல்லது, என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்து நாளும் கழிந்தது. நாய் கொழுத்திருந்தது, என்னைக் கண்டால் வாலாட்டியது. உனக்கு இனிப் பயமில்லை, டின்னை எடுத்துக்கொண்டு நாளை வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். வெளியே விட்டால் எப்படியும் சுட்டுவிடுவார்கள். நோயுள்ள மூளையோடு ஒத்துப் பார்க்க நல்ல மூளை ஒன்று வேண்டும். குளோரோபாம் கொடுத்தால் வலி தெரியாது. உனக்கு மனமில்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார்.

அவர் சொன்ன நாள் கணக்கை நம்பினேன். ஆனால் கடிபட்ட கை இன்னும் குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. மூளையைப் பாருங்கள் என்றேன்.

நாயின் தலையை நானே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அது என் கையை நக்கியபடியே தூங்கிப்போனது. சாயங்காலம் டாக்டர் அதன் மூளையைச் சீவி, பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"சுத்தம். ஒரு புள்ளியும் இல்லை."

"இன்னொரு தடவ பாருங்கய்யா," என்றேன்.

அவர் மூளையின் வேறு ஒரு சீவலை எடுத்து வைத்தார்.