விசிறியைக் குறைத்த தேவா அண்ணன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது செல்வி அழைத்தாள். சுங்கை பூலோவில் மிளகாய் போடுகிற எங்கள் வாடிக்கையாளர் அவள். தேவா அண்ணனின் கைப்பேசிக்கு அடித்திருக்கிறாள். அவர் மனைவி எடுத்திருக்கிறார். "காலையில நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போய்ட்டாருக்கா" என்றாள். "இன்னிக்குத் தோட்டத்துக்கு வரேன்னு சொல்லியிருந்தாருக்கா." எனக்கு எதிரே இருந்த சாலையே கலங்கிவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தவரிடம் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவர் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அடக்கம் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கல்யாண மண்டபங்களுக்கு ஏர்கோன் குளிர்காற்றுக் குழாய் அமைத்துக்கொண்டிருந்தவர், கிள்ளானில் பூச்சி மருந்து அடிக்கும் பம்புகள் செய்கிற எங்கள் சின்னப் பட்டறையில் கூட்டாளியாகச் சேர்ந்தார். வந்த முதல் நாளே, "காத்த பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க மேடம்" என்றார். விவசாயம் படித்த எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு திருகாணிக்கும் சண்டைதான். ஆனாலும் ஒருவரை விட்டு ஒருவர் மதியம் சாப்பிட்டதில்லை.

செல்வியின் தொல்லை வெள்ளை ஈ. அது இலையின் அடியில் உட்கார்ந்திருக்கும். நாம் அடிக்கிற மருந்தோ மேலே விழும். மேல்பக்கம் நனைந்து சொட்டினாலும் அடியில் பூச்சி சுகமாக இருக்கும். அவள் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாள். கை அரித்ததுதான் மிச்சம், இரண்டு தடவை செடி சுருண்டு போயிற்று. "இந்தத் தடவையும் போச்சுன்னா எல்லாத்தையும் புடுங்கிட்டு மறுபடியும் ஃபேக்டரிக்கே போயிர்றேன்" என்று பட்டறை வாசலில் நின்று சொன்னாள். அந்தத் தோட்டத்துக்காகத்தான் அவள் ஃபேக்டரி வேலையை விட்டவள். எங்களுக்குத் தாங்கவில்லை.

முதுகில் மாட்டும் பம்பிலேயே ஒரு விசிறியை வைத்தார் தேவா அண்ணன். காற்று இலையைப் புரட்டும், மருந்துத் துளி அடியில் போய் ஒட்டும் என்பது கணக்கு. ஒட்டியதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். மண்டபங்களில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த ஆலம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை. மஞ்சள் பூசிக் காயவைத்த காகிதத் துண்டுகளை இலைகளின் அடியில் கிளிப் போட்டு மாட்டினார். மருந்துக்குப் பதிலாகத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை அடித்தால், துளி பட்ட இடமெல்லாம் சிவக்கும். நான் சண்டையை மறந்து பாராட்டிவிட்டேன். அதை வெகுநாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

விசிறியின் வேகத்தில்தான் இடித்தது. காற்று மிஞ்சினால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும், துளி உள்ளே நுழையாது என்றேன். அவர் கேட்கவில்லை. "காத்து அதிகம்னு எந்த மண்டபத்துலயும் ஒருத்தரும் கம்ப்ளேன் பண்ணது இல்ல மேடம்" என்றார்.

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களையெல்லாம் அவரே கூட்டி வைத்து, விசிறியை முழு வேகத்தில் விட்டார். செடிகள் புயலில் மாட்டியதுபோல் சாய்ந்தன. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். காகிதங்களை எடுத்துப் பார்த்தால், வெளிப்பக்கம் சில சிவந்திருந்தன. செடிக்குள்ளே இருந்தவை அத்தனையும் மஞ்சள். செல்வி கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். 'நான்தான் சொன்னேனே' என்பது என் நாக்கு நுனியில் நின்றது.

தேவா அண்ணன் காகிதத்தையும் செல்வியையும் பார்த்தார். "நம்ம காகிதமே நம்மள காட்டிக் குடுத்துருச்சு. மேடம் சொன்னதுதான் சரி. குறைச்சுப் பாப்போம்லா" என்றார். அத்தனை பேர் முன்னிலையில் தன் கையாலேயே விசிறியைக் குறைத்தார். இலைகள் சாயாமல் படபடத்தன. இந்த முறை உள்ளே இருந்த காகிதங்களிலும் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. செல்வி கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

பூச்சி அடியோடு ஒழிந்துவிடவில்லை; ஓர் ஓரம் அப்போதும் சுருண்டது. ஆனால் குறைந்த மருந்திலேயே செடி பிழைத்தது. அந்த மிளகாய் விற்பனைக்குப் பாசாருக்குப் போனது.

அவருடைய காரியம் முடிந்த பிறகு, தோட்டக்காரர்களுக்கு அவர் காட்டுவதாகச் சொல்லியிருந்த செய்முறை விளக்கத்தை நிறுத்திவிடலாமா என்று செல்வி கேட்டாள். நானே போனேன். அங்கே இருந்தது கத்தரிச் செடி, இலை அகலம், அடர்த்தியும் அதிகம். விசிறியை மெதுவாக வைத்து அடித்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் மஞ்சள். வெயிலையும் காகிதத்தையும் குறை சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. "நான்தான் கொறைச்சலா வச்சிட்டேன். கொஞ்சம் கூட்டிப் பாப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. அங்கேயே அழுதேன், வெட்கப்படவில்லை.

அவருடைய பெருமையடிப்பை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவரோடு போகட்டும். நாலு பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு உடனே அடுத்த முயற்சிக்குப் போகும் அந்தத் துணிவை வைத்துக்கொள்கிறேன். செல்வி பக்கத்து நிலத்தையும் கேட்டு வாங்கி நாற்று நட்டுவிட்டாள், தேவா அண்ணே. ஃபேக்டரிப் பேச்சை அவள் எடுப்பதே இல்லை.