கோமதியின் க்ரீமும் என் வீட்டுக்காரர் விரலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை... எதிர் வீட்டுக் கோமதி வந்து கேட்டதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“அக்கா, அண்ணா கைய கழுவிட்டாரா? இல்லன்னா கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

கோமதியின் கணவருக்கு ஆரணியில் பவர்லூம். இவள் வீட்டிலேயே கற்றாழை க்ரீம் செய்து விற்கிறாள். முகூர்த்தப் புடவை எடுக்கும் பெண்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, ஒரு பட்டுக்கடை குட்டி டப்பாக்கள் கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை – ‘கெமிக்கல் இல்லை’ என்று லேபிளில் போட வேண்டும்.

அங்கேதான் பேஜார். முதலில் செய்த க்ரீமில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. விட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறாள். அது எண்ணெயில் சிக்கு வாடை வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பூஞ்சை அதற்கெல்லாம் பயப்படுமா?

அடுத்து, ஊறுகாய் கெடாமலிருக்கப் போடுகிற சோடியம் பென்சோயேட். அதுவும் தோற்றது.

“ஊறுகாய்ல புளிப்பு இருக்குதுக்கா, அங்க வேல செய்யுது. என் க்ரீம்ல புளிப்பே இல்லியே. படிச்சிகினு இருக்கசொல்லதான் புரிஞ்சிது.”

முகம் எரியாத அளவுக்குத் துளி சிட்ரிக் ஆசிட் சேர்த்து, புளிப்பின் அளவைக் காட்டும் பிஹெச் தாளில் சரிபார்த்து, மறுபடி செய்தாள்.

சரி, விரல் எதற்கு?

“மூடியே வச்சிருந்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும். ஜனங்க விரல உட்டா தாங்குதான்னு பாக்கணும்.”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் மிளகாய் பஜ்ஜியை முடித்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ‘கையைக் கழுவுங்கள்’ என்று மட்டுமே கேட்ட மனிதர்... எதுவும் சேர்க்காதது, பழையவை, புதியது என்று அவள் கொண்டுவந்த எல்லா டப்பாவிலும் ஆசை தீர விரலை விட்டார்.

சில வாரங்களில் மற்ற க்ரீம்களில் பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. புதியது அப்படியே இருந்தது. அதை லேபுக்கும் அனுப்பினாள். தேறியது.

கடைக்குப் போகும்போது துணைக்கு நானும் போனேன். ‘கெமிக்கல் இல்லை’ என்பதை எடுத்துவிட்டு, லேபிளில் சோடியம் பென்சோயேட் பெயரையே போட்டிருந்தாள்; ஆர்டர் போய்விடும் என்று வழியெல்லாம் புலம்பினாள். “பொய்யா எழுதிக் குடுத்து, அது ஒத்துக்காம கல்யாணத்தன்னிக்கு ஒரு பொண்ணு மூஞ்சி வீங்கிப்போச்சின்னா இன்னாக்கா பண்றது?”

கடைக்காரர் புது லேபிளைப் படித்தார். “கெமிக்கல் பேர போட்டா யாரும்மா தொடுவாங்க?”

கோமதி வாதாடவில்லை. எதுவும் சேர்க்காத டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். “இது சுத்தமான இயற்கைங்க. உள்ள மொளைச்சிருக்கறதும் இயற்கைதான்.”

அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

“சரிம்மா. ஆனா அந்தப் பேரு கண்ணுக்குத் தெரியாம சின்னதா இருக்கட்டும்.”

“உங்க கடை பேரு எந்த சைஸோ, அதே சைஸ்ல போட்டுடறேங்க.”

டப்பாக்கள் இப்போது கடையில் இருக்கின்றன. கடைக்காரர் தன் கடைப் பெயரைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொண்டார்!